நாகை பௌத்தத்தை ஆராயச் சீனமும் திபெத்தியமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகை, பூம்புகார் பௌத்தத்தை முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ளும் மாணவர்கள் டெல்டா மாவட்டங்களில் குறைவில்லை. ஆனால் ஆய்வேடுகளில் திரும்பத் திரும்ப வருவது நாகை விகாரத்துக்குச் சோழர் கொடுத்த நிலக்கொடையைச் சொல்லும் அதே ஆனைமங்கலச் செப்பேடும், அதே நாகை வெண்கலப் புத்தர்களும், அதே ஆங்கில மேற்கோள்களும்தான். சீனத்திலும் திபெத்தியத்திலும் கிடக்கும் சான்றுகளை யாரும் தொடுவதில்லை. இது பெரிய இழப்பு.

மணிமேகலையின் 29ஆம் காதையைப் பாருங்கள். அறவண அடிகள் சொல்லும் அளவையில், அதாவது தர்க்கத்தில், பக்கப்போலி (நிறுவ வரும் கூற்றின் குற்றம்) 9, ஏதுப்போலி (காரணத்தின் குற்றம்) 14, திட்டாந்தப்போலி (எடுத்துக்காட்டின் குற்றம்) 10. நியாயப்பிரவேசம் என்ற சமஸ்கிருத பௌத்தத் தர்க்க நூலிலும் இதே 33 குற்றங்கள் உண்டு. ஒலி நிலையற்றது, செய்யப்படுவதால், குடம் போல என்ற எடுத்துக்காட்டும் இரண்டிலும் வருகிறது. அந்த நூலைச் சீனத் துறவி சுவான்சாங் 647இல் சீனத்தில் மொழிபெயர்த்தார். அவர் மாணவர் குய்ஜி விரிவான உரை எழுதினார். திபெத்தியத்தில் இரண்டு மொழிபெயர்ப்புகள்: ஒன்று சமஸ்கிருதத்திலிருந்து, மற்றொன்று சீனத்திலிருந்து.

இங்கேதான் வழுக்கும். நூலை இயற்றியவர் சங்கரசுவாமி என்கிறது சீன மரபு. பௌத்தத் தர்க்க அறிஞர் திக்நாகர் என்கிறது திபெத்திய மரபு. ஒரு பக்கத்து அட்டவணையை மட்டும் பார்த்து எழுதினால் இந்த நூலின் காலத்தை வைத்துச் செய்யும் மணிமேகலையின் காலக் கணிப்பே சாய்ந்துவிடும். தமிழ், சமஸ்கிருதம், சீனம், திபெத்தியம் என நான்கு பத்திகளில் 33 குற்றங்களையும் வரிசையாக எழுதி, எடுத்துக்காட்டு எங்கே மாறுகிறது, எது விடுபடுகிறது என்று குறிக்க வேண்டும். அந்த ஒரு அட்டவணையே ஓர் ஆய்வேட்டுக்குப் போதிய சரக்கு.

வரலாற்றுப் பக்கமும் அப்படித்தான். சோழத் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆண்டுகளில் சீனம் போனதை, சோங் அரச வம்சத்தின் அதிகாரபூர்வ வரலாறான சோங் வரலாறு சொல்கிறது. அது தொகுக்கப்பட்டதோ 1340களில், பின்வந்த யுவான் வம்சத்தின் ஆட்சியில். எனவே சோங் ஆட்சியின் ஆவணத் தொகுப்பான ஹுய்யாவோவோடு ஒப்பிடாமல் எதையும் எழுதக் கூடாது. தேதியிலும் கவனம் வேண்டும்: சீன நாட்காட்டியின் 12ஆம் சந்திர மாதத்துச் செய்தி நம் கணக்கில் அடுத்த ஆண்டு ஜனவரியில் விழலாம். சீனப் பயணி வாங் தாயுவான் 1349இல் குறிப்பிடும், 1267ஆம் ஆண்டுச் சீன எழுத்துள்ள கோபுரத்தை 1867இல் இடிக்கப்பட்ட நாகைக் கோபுரத்தோடு பலர் பொருத்துகிறார்கள். அதை ஊகம் என்றே எழுத வேண்டும்.

மூல நூல்கள் இணையத்தில் இலவசம். சீபெட்டா (CBETA) இணையதளத்தில் சீனத் திரிபிடகம் முழுதும் தேடலாம். ஆனால் சீனத் திரிபிடகத்தின் ஜப்பானியப் பதிப்பான டைஷோவின் நிறுத்தக்குறிகளை நம்பிவிடக் கூடாது. பல இடங்களில் வாக்கியத்தைத் தவறாக வெட்டியிருக்கும். திபெத்திய சாத்திரங்களுக்கு தெங்கியூர் என்ற திபெத்தியச் சாத்திரத் தொகுதியின் தெர்கே பதிப்பு போதும் என்று நிற்காமல், அதன் பீக்கிங் பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

மொழியைப் பதிவுக்குப் பிறகு தொடங்குவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. யுஜிசி விதிப்படி முனைவர் பட்டத்துக்கு அதிகபட்சம் 6 ஆண்டுகள். அதில் 2 ஆண்டு எழுத்துக்கூட்டிப் படிப்பதிலேயே போய்விடும். முதுகலையிலேயே ஆரம்பிக்க வேண்டும். திபெத்திய எழுத்து பிராமி வழி வந்தது, நம் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடிபடும். சீனத்துக்கு சாந்திநிகேதன் சீன பவனம் இருக்கிறது. திபெத்தியத்துக்கு சாரநாத்தும் தர்மசாலாவும். இதே காவிரியின் மேற்பகுதியில், கர்நாடகத்தின் குஷால்நகரை அடுத்த பைலகுப்பேயில் சேரா என்ற திபெத்திய மடம் இருக்கிறது. அங்கே துறவிகள் பௌத்தத் தர்க்க அறிஞர் தர்மகீர்த்தி வழி வந்த தர்க்கத்தை வாதம் செய்தே படிக்கிறார்கள். கும்பகோணம், தஞ்சை வழியாக மைசூருக்கு ரயில் உண்டு, அங்கிருந்து பேருந்து.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இந்த இரு மொழிகளுக்கும் 2 ஆண்டு வாசிப்பு வகுப்பு தொடங்க வேண்டும். இத்தகைய ஆய்வேடுகளைத் திருத்தும் தேர்வாளர்களில் ஒருவராவது மூலத்தைப் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பௌத்த ஆய்வில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
கும்பகோணம்