குரங்கணி மலைக்கு ஒரு குடை போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், எங்கள் போடிக்கு மேலே மலையடியில் இருக்கும் குரங்கணியிலிருந்து மூணாறுப் பக்கத்து மலை உச்சி ஊரான டாப் ஸ்டேஷன் வரை நடப்பதைப் பற்றி வந்த கட்டுரையில், 'ஆண்டு முழுவதும் இதமான வானிலை. ஒரு குடை இருந்தால் போதும், குழந்தைகளோடு போய்வரலாம்' என்று ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

ஆடியில் மூணாறுப் பக்கத்து மேகம் முகட்டைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும். கீழே போடியில் வெறும் காற்றும் சாரலும்தான். மேலே பத்தடி தள்ளி நிற்கும் ஆள் தெரியமாட்டார். ஐப்பசியில் காலையில் சுள்ளென்று வெயில் அடிக்கும், மதியத்துக்கு மேல் இடி இறங்கும். ஆயிரம் மீட்டர் ஏறினாலே சுமார் ஆறு டிகிரி குறைந்துவிடும் என்பது தாங்கள் அறியாததல்ல. அந்தக் காற்றில் குடை முதல் வளைவையே தாண்டாது.

போன ஐப்பசியில் என் தங்கை மகனோடு, அந்தப் பாதையின் நடுவிலுள்ள சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற மலைக் கிராமம் வரை போய்த் திரும்பினேன். காலையில் கல்லில் கால் வைத்துத் தாண்டிய ஓடை, மூன்று மணிக்குச் செம்மண் நிறத்தில் முழங்காலுக்கு மேல் ஓடியது. கரையில் ஒரு வெளியூர்க் குடும்பம் நின்றிருந்தது. அவர்கள் பையனுக்குப் பத்து வயதிருக்கும். ஜீன்ஸ் தொப்பலாக நனைந்து, உதடு நீலம் பாய்ந்து, விரல் விறைத்துப்போய்ச் சட்டைப் பொத்தானைக்கூட அவனால் போட முடியவில்லை. எங்களுடன் வந்த வழிகாட்டி அண்ணன் ஈரத்துணியைக் கழற்றச் சொல்லி, தன் கம்பளியைச் சுற்றிவிட்டார். தண்ணீர் வடியும்வரை ஒருவரையும் இறங்க விடவில்லை. இதுவா இதமான வானிலை?

2018 மார்ச் 11-ஆம் தேதி இதே மலையில் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று அதிகாரிகளுக்கு முன்பே மேலே ஓடி, காயம்பட்டவர்களைத் தோளில் சுமந்து இறக்கியவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். அப்போது பக்கம் பக்கமாக எழுதினீர்கள். இப்போதைய கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அனுமதி வாங்க வேண்டும் என்ற செய்தியும் இல்லை.

அப்புறம் அந்த 'தென்னகத்து சுவிட்சர்லாந்து'. எந்த மலையைப் பற்றி எழுதினாலும் தங்கள் நிருபர்களுக்கு இது வந்துவிடுகிறது. எங்கள் மலைக்குச் சொந்தக் கதை இல்லையா? மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனுக்கு வர 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள், 1908-இல் அதைச் சிறு ரயில் பாதையாக்கினார்கள். அங்கிருந்து பெட்டிகள் ரோப்வேயில் குரங்கணிக்கு இறங்கின. 1924 மழை அந்த ரயிலையே அடித்துக்கொண்டு போய்விட்டது. ரயிலைப் புரட்டிய மழை பெய்யும் மலைக்குத்தான் குடையோடு போகச் சொல்கிறீர்கள்.

பல வருடமாகத் தங்கள் பத்திரிகையை வாங்குகிறவன் என்ற உரிமையில் கேட்கிறேன். மலைநடைக் கட்டுரை எது போட்டாலும் கீழே நாலு வரி சேருங்கள்: வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் வேண்டும், விடியும்போதே கிளம்புங்கள், மேகம் கறுத்தால் வந்தவழியே திரும்புங்கள், மழைக்கோட்டும் மாற்றுத்துணியும் பாலித்தீன் பையில் சுற்றி எடுத்துப் போங்கள். விளம்பரத்துக்குக் கீழே இடம் இருந்தாலும் சரி, போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
போடிநாயக்கனூர்.