டர்ட் பைக்குக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய டூவீலர் வாங்கும்போது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பாருங்கள் என உங்கள் நாளிதழில் வந்த யோசனைகளைப் படித்தேன். ரோட்டில் ஓடும் வண்டிக்கு எல்லாம் சரி. ஆனால் மண் பாதையில் ஓட்டும் டர்ட் பைக்கையும் அதே பட்டியலில் சேர்த்துவிட்டீர்கள். அங்கேதான் எனக்கு வழக்கு.

மண் டிராக் பந்தயத்துக்கான மோட்டோகிராஸ் டர்ட் பைக்குகளில் பெரும்பாலும் ஓடோமீட்டரே இருக்காது. அவற்றின் வயதை, என்ஜின் ஓடிய மணிக்கணக்கில்தான் சொல்வார்கள். 13,000 ஆர்பிஎம் வரை சுற்ற வேண்டும் என்பதற்காக பிஸ்டனின் ஸ்கர்ட்டை, அதாவது கீழ்ப்பக்கச் சுவரை, குட்டையாக்கி, ஒரே ஒரு கம்ப்ரஷன் ரிங் போட்டு எடையைக் குறைத்திருப்பார்கள். அந்த பிஸ்டன் பிரேக் ஷூ மாதிரி. முழுதாகத் தேய்வதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் கைமாறி வந்த 250 சிசி நாலு ஸ்ட்ரோக் ஒன்றை வாங்கினேன். ஹவர் மீட்டர் 22 மணி காட்டியது. மீட்டர் புத்தம் புதிது. கால் வைக்கும் ஃபுட்பெக்கின் பற்களோ மழுங்கிக் கிடந்தன, பூட்ஸ் உரசி ஃப்ரேமில் பெயின்ட் போயிருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது, ஆசை ஒத்துக்கொள்ளவில்லை. நான் போனபோது என்ஜினைச் சூடாக்கித் தயாராக வைத்திருந்தார்கள், ஒரே கிக்கில் எடுத்தது. வீட்டுக்கு வந்த பிறகு காலையில் நாலு கிக். இரண்டாவது வாரம் பத்து. அப்புறம் தள்ளினால்தான் உண்டு. கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிக் கழுவினேன், பிளக்கை மாற்றினேன். பாவம், அவற்றின் மேல் ஒரு தப்பும் இல்லை.

கடைசியில் டேங்கை இறக்கி, ஹெட் கவரைத் திறந்து இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தேன். காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் இன்டேக் பக்கம், வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே 0.10 முதல் 0.15 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். 0.05 தகடுகூட நுழையவில்லை. ரோட்டு வண்டியில் டேப்பட், அதாவது இந்த வால்வு இடைவெளி, லூசானால் சத்தம் போடும் என்று பழகியவர்கள் நாம். இங்கே கதை தலைகீழ். டைட்டானியம் வால்வின் மேல் மெல்லிய கடினப் பூச்சு ஒன்று இருக்கும். ஏர் ஃபில்டரைத் தாண்டி வரும் புழுதி அதை அரித்துவிட்டால் வால்வு, தான் உட்காரும் சீட்டுக்குள் இறங்கிக்கொண்டே போகும், இடைவெளி குறைந்துகொண்டே வரும். வண்டி சத்தமே போடாது. வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் ஒழுகி, ஒருநாள் ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிடும்.

இடைவெளியைச் சரிசெய்யும் சின்ன வில்லைக்கு சிம் என்று பெயர்; மெல்லிய சிம் போட்டு சரிசெய்தேன். நாலே மணி நேரத்தில் மறுபடி இறுகியது. அப்படி இறுகினால் சிம்மோடு மல்லுக்கட்டக் கூடாது, வால்வையே மாற்ற வேண்டும். பிடிவாதமாக ஓட்டினால் வால்வின் தலை ஒடிந்து பிஸ்டன் மேல் விழும், மொத்த என்ஜினும் போய்விடும். ஹெட்டை இறக்கினேன். ஏர்பாக்ஸிலிருந்து வரும் ரப்பர் குழாய்க்குள் விரலை விட்டுத் தடவினால் மாவு மாதிரி மண். பிஸ்டன் ஸ்கர்ட்டில் நெடுக்குக் கோடுகள். பிஸ்டன், ரிங், டைமிங் செயின் எல்லாவற்றையும் மாற்றினேன். கனெக்டிங் ராடைப் பிடித்து மேலே கீழே இழுத்துப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. கிராங்க் தப்பித்தது.

இதையெல்லாம் கேட்டு, டூ ஸ்ட்ரோக் வைத்திருக்கும் நண்பர் சிரிக்கிறார். அவர் வண்டியில் டேப்பட்டே கிடையாது, பிஸ்டனை ஒரு மத்தியானத்தில் மாற்றிவிடுவார். சிரிக்கட்டும்.

இப்போது புழுதியில் ஓட்டிய ஒவ்வொரு முறையும் ஏர் ஃபில்டரைக் கழுவுகிறேன். பெட்ரோலில் அல்ல, அதன் ஃபோமை ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போகும். காய்ந்ததும் ஃபில்டர் ஆயிலை ஊற்றிப் பிசைந்து, விளிம்பில் கிரீஸ் தடவி மாட்டுகிறேன். ஆயில் ஒரு லிட்டர்கூடப் பிடிக்காத என்ஜின் இது, ஐந்தாறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். பழைய ஆயில் ஃபில்டரைப் பிரித்து வெயிலில் காட்டிப் பார்ப்பேன், உலோகத் தூளின் மினுமினுப்பு தெரிகிறதா என்று. கம்ப்ரஷன் கேஜை நான் நம்புவதில்லை. கிக் எளிதாக இருக்க அழுத்தத்தைத் தானாகக் கொஞ்சம் விட்டுவிடும் ஆட்டோ டீகம்ப்ரஷன் உள்ள என்ஜினில் அது குறைத்தே காட்டும். சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு ஒழுகுகிறது என்று பார்க்கும் லீக் டவுன் டெஸ்ட்தான் உண்மையைச் சொல்லும்.

அடுத்த முறை எழுதும்போது ஒரு வரி சேருங்கள்: டர்ட் பைக் பார்க்கப் போனால் முதலில் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஆறும்வரை காத்திருந்து நீங்களே கிக் செய்யுங்கள். வாங்கிய பிறகு, ஓட்டுவதற்கு முன் டேப்பட்டை அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என் நோட்டில் போன ஞாயிற்றுக்கிழமை எழுதிய வரி இது: '31 மணி. இன்டேக் 0.12, 0.12. மாற்றம் இல்லை.'

இப்படிக்கு,
ஒரு வாசகர்