ஷூமாக்கர் மெர்சிடிஸுக்குப் போவது துரோகம் ஆகாது

கோவை, டிசம்பர் 2009

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் ஏழு தடவை உலக சாம்பியன் ஆகி, 2006-ல் ஃபெராரி அணியிலிருந்து ஓய்வு பெற்ற மைக்கேல் ஷூமாக்கர் மறுபடியும் பந்தயத்துக்கு வரக்கூடும், அதுவும் 2010 சீசனில் மெர்சிடிஸ் அணிக்கு ஓட்டக்கூடும் என்று போன வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் செய்தி வந்திருந்தது. இரண்டு நாள் கழித்து வாசகர் கடிதங்களில் ஒருவர், ஃபெராரி சோறு போட்டு வளர்த்த ஆள் எதிரி அணிக்குப் போவது துரோகம், இனி என் கடையில் அவர் படம் இருக்காது என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அவரும் ஷூமாக்கர் மேல் உயிரையே வைத்திருக்கிறவர்தான், எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் துரோகம் என்பது ரொம்பப் பெரிய வார்த்தைங்க, அதை இந்த மனிதர் மேல் போடுவது நியாயமில்லை.

முதலில் ஒன்று கேட்கிறேன். ஷூமாக்கர் ஃபெராரிக்கு எங்கிருந்து வந்தார்? 1994, 1995 என்று தொடர்ந்து இரண்டு வருஷம் பெனட்டன் அணியில் உலக சாம்பியன் ஆகிவிட்டு, அந்த அணியை விட்டுத்தான் 1996-ல் ஃபெராரிக்கு வந்தார். அன்றைக்குப் பெனட்டனுக்கு ஃபெராரி எதிரி அணிதானே? அப்போது அதைத் துரோகம் என்று நம்மில் யாரும் சொல்லவில்லை, கை தட்டினோம். 1979-க்கு அப்புறம் ஃபெராரியில் ஒரு ஓட்டுநரும் சாம்பியன் ஆனதில்லை, அப்படிக் கிடந்த அணியைத் தூக்கி நிறுத்த வந்த மகராசன் என்றோம். அவரும் நிறுத்திக் காட்டினார், 2000-லிருந்து 2004 வரை வரிசையாக ஐந்து பட்டம். மொத்தம் 91 வெற்றி, அதில் 72 ஃபெராரிக்கு. சோறு போட்டது யார், சாப்பிட்டது யார் என்று கணக்குப் பார்த்தால் இரண்டு பக்கமும் எழுத வேண்டியிருக்கும்.

அப்புறம் மெர்சிடிஸ் அவருக்குப் புது இடமும் கிடையாது. ஃபார்முலா ஒன்னுக்கு வருவதற்கு முன்னால், 1990, 1991-ல் அவர் ஓட்டியதே சாபர் மெர்சிடிஸ் ஸ்போர்ட்ஸ் கார். 1991 ஆகஸ்டில் பெல்ஜியத்தில் ஜோர்டான் அணியில் முதல் முதலாக உட்கார்ந்தாரே, அந்த இடத்துக்குப் பணம் கட்டியது மெர்சிடிஸ்தான். யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவு செய்கிற தகுதிச் சுற்றில் ஏழாவது இடம் பிடித்து எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தார், பந்தயத்தில் முதல் சுற்றிலேயே கிளட்ச் போய்விட்டது. இப்போது மெர்சிடிஸ் வாங்கியிருக்கிற அணி எது? இந்த வருஷம் ஜென்சன் பட்டனை சாம்பியன் ஆக்கிய பிரான் அணி. அதை நடத்துகிற ராஸ் பிரான் யார்? பெனட்டனிலும் ஃபெராரியிலும் ஷூமாக்கர் ஏழு பட்டம் வாங்கியபோது கூடவே தொழில்நுட்பத் தலைவராக இருந்தவர். பட்டன் மெக்லாரனுக்குப் போய்விட்டார், நிகோ ரோஸ்பெர்க் வந்துவிட்டார், இன்னொரு இடம் காலியாக இருக்கிறது. பழைய மேஸ்திரி கூப்பிடுகிறார், கை சும்மா இருக்கிறது, போனால் என்ன தப்பு?

ஃபெராரியில் அவருக்கு இடம் இருந்து அதை உதறிவிட்டுப் போகிறார் என்றால்கூட ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொள்ளலாம். அங்கே மாஸா திரும்பி வருகிறார், அலோன்ஸோ புதிதாக வருகிறார், இரண்டு காருக்கு இரண்டு பேர் ஆச்சு. 2006-லேயே என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். இத்தாலியில் மோன்ஸா பந்தயத்தில் அவர் ஜெயித்துவிட்டு ஓய்வை அறிவித்த அதே நாளில், அடுத்த வருஷத்துக்குக் கிமி ராய்க்கோனன் என்று ஃபெராரியும் அறிவித்துவிட்டது. அதை அவர் ஒரு குறையாக வெளியே சொல்லி நான் கேட்டதில்லை. அடுத்த மாதம் ஜப்பானில் முதல் இடத்தில் போய்க்கொண்டிருந்தபோது எஞ்சின் புகைந்து எட்டாவது பட்டமே கை நழுவியது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு நேராக கேரேஜுக்கு வந்து மெக்கானிக்குகள் ஒவ்வொருத்தரையும் தட்டிக்கொடுத்துத் தேற்றினார். நான் ஸ்பேனர் பிடித்த கை. எஞ்சின் போனால் பழி முதலில் யார் தலையில் விழும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

கடைசிப் பந்தயம் பிரேசிலில். தகுதிச் சுற்றில் எரிபொருள் பம்ப் கோளாறு, பத்தாவது இடத்திலிருந்து கிளம்பினார். பந்தயத்தில் டயர் பஞ்சர் ஆகி எல்லோருக்கும் பின்னால் போய்விட்டார். அங்கிருந்து ஒவ்வொரு காராகத் தாண்டி நாலாவதாக வந்தார், கடைசியில் அவர் தாண்டியது யாரை என்றால், தன் இடத்துக்கு வரப்போகிற அதே ராய்க்கோனனை. அப்படி ஓட்டிக்கொண்டிருந்தவர் 37 வயதில் வீட்டுக்குப் போனார்.

இந்த இடத்தில் என் கதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஆசிரியர் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கணபதியில் குடியிருக்கிறேன். 26 வருஷம் ஒரு பம்ப் செட் கம்பெனியில் இருந்தேன், லேத்தில் ஆரம்பித்து அசெம்பிளி ஃபோர்மேன் வரைக்கும். என் இடத்துக்குச் சின்ன வயசுப் பையன் ஒருவரைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார வைத்தார்கள், நானே அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்தேன், அப்புறம் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். சால்வை எல்லாம் போட்டார்கள். இரண்டு வருஷம் வீட்டில் இருந்தேன். காலையில் எட்டு மணிக்குச் சங்கு ஊதினால் கை தானாகச் சட்டையைத் தேடும். அப்போது அதே தொழிலில் இருக்கிற இன்னொரு பட்டறைக்காரர் வீட்டுக்கே வந்து, பசங்களுக்கு ஃபிட்டிங் சொல்லிக்கொடுங்க அண்ணா என்று கூப்பிட்டார், போனேன். அவ்வளவுதான். ஒரு கல்யாணத்தில் பழைய கம்பெனி ஆட்கள் பந்தியில் என் காதுபடவே, “சோறு போட்ட எடத்த மறந்துட்டாருங்க” என்றார்கள். இருபத்தாறு வருஷம் கூட உட்கார்ந்து டிபன் பாக்ஸ் பிரித்தவர்கள். நான் கற்றுக்கொண்ட தொழில் என் கையில் இருக்கிறது, அதை எந்தக் கம்பெனி கேட்டிலும் கழற்றி வைத்துவிட்டு வர முடியாது. அந்த வாசகர் கடிதத்தில் அதே வரியைப் பார்த்தபோதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, துரோகம் இல்லை. அவர் வந்தால் ஜெயிப்பாரா என்பது வேறு கேள்வி, அதில் எனக்கும் பயம் இருக்கிறது. பலரும் வயசைச் சொல்கிறார்கள், வருகிற ஜனவரி 3-ஆம் தேதி 41 ஆகிறது என்று. வயசு எனக்குப் பெரிய கவலை இல்லை. ஃபாஞ்சியோ 46 வயதில் 1957-ல் சாம்பியன் ஆனார், அது பழைய காலம் என்பீர்கள், மான்செல் 41 வயதில் 1994-ல் ஆஸ்திரேலியாவில் ஜெயித்தாரே. கழுத்துதான் ஒரு கவலை. பிப்ரவரியில் ஸ்பெயினில் பைக் ஓட்டி விழுந்து கழுத்தில் அடி. ஜூலையில் ஹங்கேரியில் முன்னால் போன காரிலிருந்து கழன்ற ஸ்பிரிங் மாஸா தலையில் அடித்து அவர் ஆஸ்பத்திரிக்குப் போனதும் அந்த இடத்தில் ஓட்டுகிறேன் என்று ஷூமாக்கர் உடனே வந்தார், கழுத்து வலியால் முடியவில்லை என்று ஆகஸ்டில் விலகிக்கொண்டார். ஃபார்முலா ஒன் காரில் வளைவில் திரும்பும்போது தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து இழுக்கிற பாரம் முழுவதையும் கழுத்துதான் தாங்க வேண்டும், அது ஆறாமல் அவர் வரக்கூடாது.

என் பெரிய பயம் அதைவிட வேறு. சோதனை ஓட்டம். ஷூமாக்கர் ஷூமாக்கர் ஆனதே அதில்தான். மரனெல்லோவில் ஃபெராரி தொழிற்சாலையை ஒட்டியே ஃபியோரானோ தடம் இருக்கிறது, பந்தயம் முடிந்து மற்றவர்கள் ஊருக்குப் போனால் இவர் அங்கே போய்ச் சுற்றிக்கொண்டிருப்பார். டயரை மாற்றிப் பார்ப்பது, காரின் இறக்கையைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பார்ப்பது, மறுபடி ஓட்டுவது, பொறியாளரோடு உட்கார்ந்து பேசுவது. இந்த வருஷத்திலிருந்து சீசன் நடக்கும்போது சோதனை ஓட்டத்துக்குத் தடை போட்டுவிட்டார்கள். மாஸாவுக்குப் பதிலாக வரப் பார்த்தபோதே இந்த வருஷக் காரைத் தொட விடவில்லை, மற்ற அணிகள் ஒத்துக்கொள்ளவில்லை, கடைசியில் 2007 காரில்தான் பழகிப் பார்த்தார்.

பழகாத வண்டியில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை இந்த வருஷமே பார்த்தோம். மாஸாவின் அதே இடத்துக்கு ஃபெராரியின் சோதனை ஓட்டுநர் படோயர் வந்து, ஓட்டிய இரண்டு பந்தயத்திலும் கடைசி. ஃபிசிகெல்லா பெல்ஜியத்தில் நம் ஊர் ஃபோர்ஸ் இந்தியா காரில் முதல் இடத்திலிருந்து கிளம்பி இரண்டாவதாக வந்தார், அடுத்த பந்தயத்திலேயே ஃபெராரிக்கு மாறினார், ஐந்து பந்தயம் ஓட்டி ஒரு புள்ளிகூட வாங்கவில்லை. அவருக்கு ஓட்டத் தெரியாதா? (ஃபோர்ஸ் இந்தியாவை நடு சீசனில் விட்டுவிட்டு எதிரி அணிக்குப் போன அவரைத் துரோகி என்று நம் பக்கம் யாரும் எழுதவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.)

நம் கொங்கு நாட்டில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ரேக்ளா பந்தயம் பார்க்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் புது ஜோடி மாட்டை அன்றைக்குக் காலையில் பூட்டி அன்றைக்கே ஓட்டிவிட முடியாது. எந்த மாடு முதலில் இழுக்கும், எது குரலுக்கு மிரளும், எது கடைசி நூறடியில் விட்டுவிடும் என்று பழகித்தான் தெரியும். ஷூமாக்கருக்கு மெர்சிடிஸ் கொடுக்கப்போவது புது ஜோடி, பழக்கக் கிடைப்பது சீசனுக்கு முன்னால் பிப்ரவரியில் இருக்கிற சில நாள். 2006-ல் அவர் ஓய்வில் போனபோது டயரில் பள்ளம் வெட்டியிருக்கும், இப்போது வழுவழு டயர். நடுவில் பெட்ரோல் போடுவதும் 2010-லிருந்து கிடையாது, முழு டேங்கோடு கனத்துக் கிளம்பி, வண்டி லேசாக லேசாக அதன் குணம் மாறிக்கொண்டே போகும். அதனால் முதல் வருஷமே பட்டம் என்று யாரும் அவர் தலையில் ஏற்றக்கூடாது என்பது என் அபிப்பிராயம்.

நிக்கி லாடாவை எல்லோரும் உதாரணம் சொல்கிறார்கள். சரியான உதாரணம்தான். ஃபெராரியில் இரண்டு பட்டம் வாங்கினார், பிராபம் அணிக்குப் போனார், 1979-ல் போதும் என்று நிறுத்திவிட்டார், 1982-ல் மெக்லாரனில் திரும்பி வந்து மூன்றாவது பந்தயத்திலேயே ஜெயித்தார், 1984-ல் அரைப் புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன். ஆனால் வந்ததிலிருந்து பட்டம் வாங்க மூன்று சீசன் ஆச்சு என்பதை விட்டுவிடுகிறார்கள். ஷூமாக்கருக்கும் அந்த மூன்று சீசனைக் கொடுங்கள்.

நமக்கும் அவருக்கும் ஒரு சின்ன உறவு உண்டு, அதை நம் பேப்பர் மறந்துவிடக்கூடாது. 2005 ஜூன் 19, இண்டியானாபோலிஸ். மிச்சலின் டயர் பிரச்னையில் 14 கார்கள் பந்தயம் தொடங்கும் முன்பே விலகி கேரேஜுக்குள் போய்விட, ஆறே ஆறு கார் ஓடியது. ஷூமாக்கர் முதல், நம் கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் நாலாவது, ஐந்து புள்ளி. இங்கே நடுராத்திரி, தூங்கிக்கொண்டிருந்த வீட்டையே எழுப்பினேன். அந்த வருஷம் ஷூமாக்கர் ஜெயித்த ஒரே பந்தயமும் அதுதான். ஆறு காரில் நாலாவது என்று குறைத்துப் பேசியவர்கள் உண்டு. ஒரு இந்தியர் வாங்கிய முதல் ஃபார்முலா ஒன் புள்ளி அது, எனக்கு அது போதும்.

மறைந்த கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்துப் பந்தயக் கார் கட்டிய ஊர் இது, செட்டிபாளையத்தில் அவர் பெயரில் தடமே இருக்கிறது. அங்கே பந்தயம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வேலியோரம் நிற்கிற பையன்களைப் பாருங்கள், பாதிப் பேர் பட்டறையில் வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த கியரில் போகிறது என்று சொல்லத் தெரியும். ஃபார்முலா ஒன் செய்தியை கிரிக்கெட்டுக்குக் கீழே நாலு வரியில் போட்டு முடித்துவிடாதீர்கள். யார் ஜெயித்தார் என்பதை டிவியில் பார்த்துவிடுகிறோம். எத்தனை தடவை டயர் மாற்றினார்கள், எந்தச் சுற்றில் எது பழுதானது, சோதனை ஓட்டத்தில் யார் எத்தனை சுற்று ஓடினார்கள், இதையெல்லாம் தமிழில் போடுங்கள். ஷூமாக்கர் வந்தாலும் வராவிட்டாலும் போடுங்கள்.

அந்தக் கடிதம் எழுதிய வாசகருக்கும் உங்கள் மூலமாக ஒன்று சொல்லிக்கொள்கிறேன். படத்தை மார்ச் வரைக்கும் கழற்ற வேண்டாங்க. மார்ச் 14-ஆம் தேதி பஹ்ரைனில் முதல் பந்தயம், ஞாயிற்றுக்கிழமை, நமக்குச் சாயங்கால நேரம். வீட்டுக்கு வாங்க, சேர்ந்து பார்க்கலாம். என் வீட்டுச் சுவரிலும் அதே ஃபெராரி சிவப்புச் சட்டைப் படம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபோர்மேன் ஒருவர்,
கணபதி, கோவை