பழக்கூடையும் தண்ணீர்க் குவளையும் வெறும் பயிற்சிப் பாடமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு மலரில் அண்மையில் வெளிவந்த ஓவியக் கட்டுரையை, இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸின் ஆட்சிப்பகுதியாக உள்ள ரீயூனியன் தீவின் தலைநகரான சேன் தெனியில் இருந்து படித்தேன். கட்டுரையின் பெரும்பகுதி எனக்கு உடன்பாடே. ஆனால் பழம், பூச்சாடி, பாத்திரம், புத்தகம் போன்றவற்றை மேசைமேல் வைத்துப் பார்த்து வரையும் நிலைப்பொருள் ஓவியம் மாணவர்களின் கைப்பழக்கத்துக்கு மட்டுமே உதவும் என்றும், கேமரா வந்த பிறகு அதற்கு வேலையே இல்லை என்றும் கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. மனிதரே இல்லாத ஓவியத்தில் மனிதருக்கு என்ன இருக்கிறது என்றும் அவர் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்லவே இக்கடிதம்.

இந்தக் குறை புதிதன்று. 1660களில் பிரான்ஸின் அரச ஓவியக் கழகத்துக்காக எழுதிய ஆந்த்ரே ஃபெலிபியன் ஓவிய வகைகளைத் தரம் பிரித்தபோது, வரலாறும் புராணமும் தீட்டுவோரை உச்சியில் நிறுத்தி, பழங்களையும் பூக்களையும் தீட்டுவோரை அடியில் வைத்தார். படைப்பில் மனிதனே உயர்ந்தவன், ஆகவே மனிதனைத் தீட்டுபவனே ஓவியரில் உயர்ந்தவன் என்பது அவருடைய வாதம். அந்த வரிசை நெடுங்காலம் ஐரோப்பியக் கலைக்கூடங்களை ஆண்டது. ஆயினும் அதே கழகம் 1728-இல், வயிறு கிழிந்து குடல் வெளியே தெரியக் கொக்கியில் தொங்கும் ஒரு திருக்கை மீனைத் தீட்டிய பிரெஞ்சு ஓவியர் ஷார்தேனைத் தன் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அந்தத் திருக்கை இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. அதன் முன் மக்கள் நிற்கிறார்கள். கழகம் உச்சியில் நிறுத்திய எத்தனையோ புராணக் காட்சிகளைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

இந்த வகையின் வேர் ஐரோப்பியக் கழகங்களைவிட மிகப் பழையது. எகிப்தியர் கல்லறைச் சுவர்களில் ரொட்டியையும் வாத்தையும் திராட்சையையும் அடுக்கடுக்காகத் தீட்டி வைத்தது, இறந்தவர் மறுமையில் பசித்திருக்கக் கூடாது என்பதற்காக. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை மூடிய ஹெர்குலேனியம் நகரத்துச் சுவரொன்றில் இருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு இப்போது நேப்பிள்ஸில் இருக்கும் ஓவியத்தில், இன்னும் பழுக்காத பச்சைப் பீச்சுக் காய்களும் நீர் நிரப்பிய ஒரு கண்ணாடிக் குடுவையும் உள்ளன. யார் வரைந்தார் என்று தெரியாது. ஆனால் கண்ணாடிக்குள் நீர் நிற்கும்போது ஒளி எப்படி மாறுகிறது என்பதை அவர் நின்று நிதானித்துப் பார்த்திருக்கிறார் என்பது தெரிகிறது.

1600-ஐ ஒட்டி இத்தாலிய ஓவியர் காரவாஜியோ வரைந்து, இன்று மிலான் நகரின் அம்ப்ரோசியானா ஓவியக்கூடத்தில் இருக்கும் பழக்கூடையை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் இருக்கும் ஆப்பிளில் புழு துளைத்த ஓட்டை இருக்கிறது. இலைகளில் சில பூச்சி அரித்துப் பொத்தலாகியிருக்கின்றன. வலப்புறத்தில் சில காய்ந்து சுருண்டு, தண்டோடு தொங்குகின்றன. பின்னால் வெளிர் மஞ்சள் பரப்பு ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லை. கூடையின் அடிப்பகுதி பலகையின் விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் நம் பக்கமாக நீட்டிக்கொண்டிருப்பதால், விழுந்துவிடப் போகிறதே, பின்னுக்குத் தள்ளிவைப்போமா என்று கை துறுதுறுக்கிறது. படத்தில் மனிதர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கூடையை அப்படி ஓரத்தில் வைத்துவிட்டுப் போனவர் ஒருவர் இருக்கிறார், எடுக்கக் கை நீட்டும் நாமும் இருக்கிறோம். இருவருக்கும் நடுவில்தான் அந்தக் கூடை இருக்கிறது.

17-ஆம் நூற்றாண்டு ஹாலந்தில் பீட்டர் கிளாஸ் முதலானோர் தீட்டிய சிற்றுண்டி மேசைகள் தமிழராகிய நமக்கு இன்னொரு வகையிலும் நெருக்கமானவை. பாதி உரித்த எலுமிச்சையின் தோல் மேசை விளிம்பில் சுருளாகத் தொங்கும், வெள்ளித் தட்டு சாய்ந்து கிடக்கும், அருகே பழைய பஞ்சாங்கத் தாளைச் சுருட்டிச் செய்த பொட்டலத்தில் மிளகு இருக்கும். நம் ஊர் மளிகைக் கடையில் பார்த்த அதே பொட்டலந்தான். ஆனால் அந்த மிளகு கீழைக் கடல்களைக் கடந்து வந்தது. பழவேற்காட்டில் கோட்டை கட்டி, 1658-இல் நாகப்பட்டினத்தையும் கைப்பற்றிய அதே ஹாலந்துக் கம்பெனியின் கப்பல்கள்தான் மிளகையும் சீனப் பீங்கானையும் அந்நாட்டு மேசைகளுக்குக் கொண்டு சேர்த்தன. ஓவியர் பொட்டலத்தை வைத்ததோடு நின்றுகொண்டார். பறித்தவர் யார், சுமந்தவர் யார், லாபம் கண்டவர் யார் என்பதைப் பார்ப்பவர்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். 1848-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு இத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழரின் வழித்தோன்றல்களோடு வாழும் எனக்கு, சர்க்கரைக் கிண்ணம் வைத்த எந்த ஐரோப்பிய ஓவியத்தையும் இந்தக் கேள்வி இல்லாமல் பார்க்க முடிவதில்லை. போர்க்களத்தைத் தீட்டிய பேரோவியங்கள்கூட ஒரு காலத்தின் வணிகத்தை இவ்வளவு நேராக என் கண்முன் வைத்ததில்லை.

பெண்களுக்கு இந்த வகை திறந்துவிட்ட வாசலையும் குறிப்பிட வேண்டும். ஆடையில்லா மனித உடலைப் பார்த்து வரையும் பயிற்சி அக்காலத்தில் பெண்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. அந்தப் பயிற்சி இன்றிப் புராண ஓவியராக முடியாது. மேசையும் பூவும் வீட்டிலேயே இருந்தன. கிளாரா பேட்டர்ஸ் 1612-இல் தீட்டிய ஓவியத்தில், மூடியிட்ட பொற்கிண்ணத்தின் புடைப்புகளில் தூரிகையோடு நிற்கும் தன் உருவத்தை மிகச் சிறியதாக வரைந்து வைத்தார். ராகேல் ரொய்ஸ் பத்துப் பிள்ளைகளைப் பெற்று, எண்பது வயதைக் கடந்தும் பூக்களைத் தீட்டி, தன் ஓவியங்களுக்கு உயர்ந்த விலையும் பெற்றவர்.

ஷார்தேனிடம் மீண்டும் வருகிறேன். 1761 வாக்கில் அவர் வரைந்த சிறிய ஓவியம் ஒன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னெகி அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒரு குவளைத் தண்ணீர், ஒரு காப்பிப் பாத்திரம், பக்கத்தில் சில பூண்டுகள்: படத்தில் உள்ளவை இவ்வளவுதான். பாத்திரம் புகை படிந்தது போன்ற பழுப்பு. குவளை ஒளியை உள்ளே விட்டுக்கொண்டு நிற்கிறது. விலையுயர்ந்த பொருள் ஒன்றுகூட இல்லை. அக்காலத்தில் பூர்போன் என்ற பெயரில் இருந்த இத்தீவின் தலையாய விளைபொருள் காப்பிதான் என்பதால் அந்தப் பாத்திரத்தின்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஆனால் அதனால் மட்டும் அந்தப் படம் எனக்குப் பிடிக்கவில்லை. காலையில் அடுப்படிக்குள் நுழைந்தவுடன் நாம் பார்க்காமலேயே கடந்துபோகிற ஒன்றை ஒருவர் பல நாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறார், அப்படிப் பார்க்கத் தகுந்தது அது என்று நம்பியிருக்கிறார் என்பதே என்னை நெகிழச் செய்கிறது.

ரீயூனியனில் இருந்துகொண்டு நிலைப்பொருள் ஓவியத்தைப் பற்றிப் பேசும் எவரும் அம்புருவாஸ் வொல்லாரை விட்டுவிட முடியாது. 1866-இல் இதே சேன் தெனியில் பிறந்து, சட்டம் படிக்கப் பிரான்ஸுக்குப் போய், படிப்பை விட்டு ஓவிய வணிகரானவர் அவர். பாரிஸ் ஏறக்குறைய மறந்துவிட்டிருந்த பிரெஞ்சு ஓவியர் செசானுக்கு 1895-இல் முதல் தனிக் கண்காட்சியைத் தம் கடையில் நடத்தியவர் இவரே. இன்று சிகாகோவில் இருக்கும் ஆப்பிள் கூடை ஓவியம் அந்தக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. செசான் கையொப்பமிட்ட மிகச் சில ஓவியங்களில் அதுவும் ஒன்று. பின்னர் 1899-இல் வொல்லாரின் உருவப்படத்தை வரைய செசான் அவரை 115 முறை உட்காரவைத்தார் என்று வொல்லாரே எழுதியிருக்கிறார். உட்கார்ந்தபடியே தூங்கிக் கீழே விழுந்தவரை, ஆப்பிளைப் போல அசையாமல் இருக்க வேண்டும், ஆப்பிள் அசைகிறதா என்று செசான் கடிந்துகொண்டாராம். வொல்லாரின் தம்பி லூசியன் 1947-இல் வழங்கிய ஓவியத் தொகுப்பு எங்கள் நகரின் பாரிஸ் தெருவில் உள்ள லெயோன் தியெர்க்ஸ் அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தது. கடல் நடுவில் இருக்கும் சிறு தீவு ஒன்றுக்கு அது பெரும் செல்வம்.

அந்த ஆப்பிள் கூடையே கேமரா பற்றிய வாதத்துக்கும் விடை தருகிறது. மேசையின் முன்விளிம்பைக் கவனியுங்கள். இடப்பக்கத்தில் தொடங்கும் கோடு வெள்ளைத் துணிக்குள் மறைந்து, வலப்பக்கத்தில் வேறொரு மட்டத்தில் வெளியே வருகிறது. கூடை முன்னால் சாய்ந்திருக்கிறது, பாட்டில் நேராக நிற்கவில்லை, அடுக்கிய பிஸ்கட்டுகளை ஒரே நேரத்தில் பக்கவாட்டில் இருந்தும் மேலிருந்தும் பார்ப்பது போல இருக்கிறது. கை தவறி வந்த பிழை என்று இதை நினைக்க இடமில்லை. செசான் பழங்களை அடுக்கும்போது உடன் இருந்த இளம் ஓவியர் ஒருவர், சரியான சாய்வு கிடைக்கும்வரை பழங்களுக்கு அடியில் காசுகளை முட்டுக்கொடுத்து வைத்ததாகச் சொல்லியிருக்கிறார். அவ்வளவு கவனமாக வைத்தவர் மேசைக் கோட்டைத் தவறவிட்டிருக்க மாட்டார். பல நாள்கள், தலையை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்த பார்வைகள் எல்லாம் அந்த ஒரே பரப்பில் சேர்ந்திருக்கின்றன. கேமரா ஓர் இடத்தில் இருந்து ஒரு கணத்தை எடுத்துத் தருகிறது. அதன் அருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு மனிதர் ஒரு பொருளோடு கழித்த காலத்தைக் காட்டுவதற்கு, நான் அறிந்தவரை, ஓவியத்தைவிட நல்ல வழி இல்லை. 1964-இல் மறைந்த இத்தாலிய ஓவியர் மொராந்தி, பொலோன்யா நகரத்து வீட்டின் ஓர் அறையில் அதே பாட்டில்களையும் கிண்ணங்களையும் தூசி தட்டாமல் ஆண்டுக்கணக்கில் இடம் மாற்றி மாற்றி வரைந்துகொண்டிருந்தார். புகைப்படக்கலை நன்கு வேரூன்றிவிட்ட காலத்தில்தான் அவர் அதைச் செய்தார், அதைப் பார்க்கத்தான் மக்கள் இன்றும் போகிறார்கள்.

இனி எங்கள் தீவில் நான் நேரில் கண்டதைச் சொல்ல அனுமதியுங்கள். இங்குள்ள தமிழ் வழியினரில் மிகப் பலர் தீவின் பேச்சுமொழியான கிரியோலும் பிரெஞ்சும் மட்டுமே பேசுகிறார்கள். கோயிலை ஒட்டிய வகுப்பில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கும் எனக்கு அது தினமும் தெரிகிற உண்மை. ஆனால் 'சம்ப்ளானி' என்று அவர்கள் வழங்கும் மூத்தோர் படையல் விடாமல் நடந்துவருகிறது. சேன் ஆந்த்ரேயில் ஒரு வீட்டுப் படையலுக்கு என்னை அழைத்திருந்தார்கள். சுவரில் பெரியவரின் படம்; கீழே வாழை இலை. சோறு, கோழிக்கறி, பருப்பு, வாழைப்பழம் வைத்தாகிவிட்டது. அதன்பின் அவருடைய மகள் ஒரு சிறு கண்ணாடி நிறைய ரம் ஊற்றி இலையின் வலது ஓரத்தில் வைத்தார், ஒரு சிகரெட்டைப் பற்றவைக்காமல் பக்கத்தில் வைத்தார், கொஞ்சம் யோசித்துவிட்டு ரம் கண்ணாடியை இன்னும் சற்றுத் தள்ளி, கை எட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தார். யாரும் எதுவும் விளக்கவில்லை. அந்தப் பெரியவர் இடக்கை பழக்கம் உள்ளவரா, வலக்கைக்காரரா, எதை முதலில் எடுப்பார், எதற்குப் பிறகு புகைப்பார் என்பதெல்லாம் அந்த இலையைப் பார்த்தாலே விளங்கியது. அங்கே இருந்த பேரப்பிள்ளைகளில் ஒருவருக்குக்கூடத் தமிழில் ஒரு முழு வாக்கியம் பேச வராது. ஆனால் பொருள்களை எடுத்துவைக்கும் முறை மட்டும் தலைமுறை தாண்டி வந்திருக்கிறது. மனிதர் இல்லாத படத்தில் மனிதருக்கு என்ன இருக்கிறது என்று கேட்ட கட்டுரையாளர் அந்த இலையின் முன் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் கேட்டிருக்கவே மாட்டார். காரவாஜியோவின் கூடையையும் ஷார்தேனின் குவளையையும் அணுக நமக்குக் கலைக்கல்லூரிப் பட்டம் தேவையில்லை. படையல் போடத் தெரிந்த குடும்பத்தில் பிறந்தாலே பாதி வழி வந்தாகிவிட்டது.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். இனி ஓவியம் பற்றிய கட்டுரை வெளியிடும்போது, பேசப்படும் ஓவியத்தின் படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்காமல், குறைந்தது கால் பக்க அளவிலாவது, ஓவியர் பெயர், ஆண்டு, இருக்கும் அருங்காட்சியகம் ஆகியவற்றோடு அச்சிடுங்கள். சுருக்கிய படத்தில் புழுத் துளையும் தெரியாது, மேசைக் கோடு விலகியிருப்பதும் தெரியாது; தெரியாதபோது வாசகர் கட்டுரையாளர் சொல்வதையே நம்ப வேண்டியிருக்கும். மற்றது, பொங்கலை ஒட்டித் தாங்கள் சிறுவர்களுக்கு ஓவியப் போட்டி நடத்தினால், சூரியனும் கரும்பும் பொங்கல் பானையும் அச்சுப் படத்தைப் பார்த்து வரையப்படும் வழக்கத்துக்கு மாறாக, தங்கள் வீட்டில் உண்மையில் இருக்கிற ஒரு பொருளைக் கண்ணெதிரே வைத்துப் பார்த்து வரையச் சொல்லுங்கள். பாட்டி பயன்படுத்திய பாக்குவெட்டியாக இருக்கலாம், கைப்பிடி தேய்ந்த தோசைத் திருப்பியாக இருக்கலாம். அயலகத் தமிழ்ப் பிள்ளைகளையும் போட்டியில் சேர்த்துக்கொள்வதாக இருந்தால், எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் ஓவியங்களை அனுப்பிவைக்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சேன் தெனி, ரீயூனியன் தீவு.