கொட்டைய நம்பாத பாப்பா, ஒட்டுக் கன்னு வாங்கு

பாப்பா,

டம்ளர் தண்ணில பட்டர் ஃப்ரூட் கொட்டைய குச்சி குத்தி நிக்க வச்சிருக்கியே, போட்டோ பாத்தேன், வேர் நல்லாத்தான் விட்ருக்கு. மாப்ள அத வீட்டுக்குப் பின்னாடி நடப் போறாராம்னு அம்மா சொன்னா. அழகுக்கு நடுங்க, காய்ப்புக்குன்னு நம்பி நடாதீங்க. கொட்டைல வர்றது தாய் மரம் மாதிரி காய்க்காது, காய்க்கவே பத்து வருஷம் கூட இழுத்தடிக்கும். நம்ம காபித் தோட்டத்துல நிழலுக்கு நிக்கிறதெல்லாம் தாத்தா கொட்டை போட்டு வந்ததுதான, ஒண்ணு கழுத்து நீண்டு, ஒண்ணு உருண்டை, ஒண்ணு வெறும் தண்ணிச் சதை, ஓடைப் பக்கம் நிக்கிற ஒரே மரம்தான் வாயில வெண்ணெயா கரையும்.

நீ கடைல வாங்குற கருந்தோல் ஹாஸ் பழம் உங்க கலிஃபோர்னியால பொறந்ததுதான். 1926 வாக்குல லா ஹாப்ரா ஹைட்ஸ்ல ருடால்ஃப் ஹாஸ்னு ஒரு போஸ்ட்மேன் கொட்டை வாங்கி நட்டு, அதுல ஃபுவர்ட்டே ரகத்த ஒட்டு கட்டுனாரு. அப்ப மார்க்கெட்ல ஃபுவர்ட்டேதான் ராஜா, 1911ல மெக்சிகோல அட்லிஸ்கோலருந்து வந்த ஒட்டுக் குச்சி, 1913 கடும்பனில மத்த ரகமெல்லாம் கருகினப்ப தாக்குப் பிடிச்சது. ஒரு கன்னுல மட்டும் ஒட்டு பிடிக்கவே இல்ல, வெட்டிப் போடப் பாத்தாராம், ஒட்டு கட்டுற ஆளு விட்டுப் பாருங்கன்னு சொல்லவும் விட்டுட்டாரு, காய்ச்சதும் வீட்டுப் பிள்ளைங்க இந்தப் பழத்தத்தான் தேடித் தின்னுச்சாம். 1935ல பேட்டன்ட் வாங்குனாரு, ஆனா என்ன பிரயோஜனம், ஒரு கன்னு வாங்குனவன் அதுலருந்து தோட்டம் பூரா குச்சி வெட்டி ஒட்டு கட்டிக்கிட்டான், மனுசனுக்கு அதுல மொத்தமா 5000 டாலர் கூட தேறல. தாய் மரம் 2002ல வேர் அழுகி செத்துச்சு, இன்னைக்கு உலகத்துல நிக்கிற ஹாஸ் அத்தனையும் அதோட ஒட்டு வாரிசுதான்.

அதுவும் கொட்டைல வந்ததுதானப்பான்னு நீ கேப்ப. லாட்டரியும்தான் யாருக்கோ விழுது! மெக்சிகோ பூப்லா பக்கத்து குகைலயே பல ஆயிரம் வருஷம் பழைய கொட்டை கெடைச்சிருக்கு, அப்பருந்து சனங்க நல்ல பழத்துக் கொட்டையா பாத்துப் பாத்து போட்டு வந்துதான் சதை இவ்ளோ தேறிருக்கு.

மாப்ளைக்கு கொலஸ்ட்ரால்னு தெனம் ஒரு முழுப் பழம் குடுக்கறியாமே. 100 கிராம்ல 160 கலோரி, 15 கிராம் கொழுப்பு இருக்கு, பெரும்பாலும் ஆலிவ் எண்ணெய்ல இருக்கற நல்ல கொழுப்பு, நார்ச்சத்து 7 கிராம் கிட்ட, பொட்டாசியம் வாழப்பழத்த விட ஜாஸ்தி, எல்லாம் சரி. ஆனா 2022ல ஆயிரம் பேர் கிட்ட வச்சு ஆறு மாசம் தெனம் ஒண்ணு குடுத்துப் பாத்தாங்க, தொப்பைக் கொழுப்பு கொறையல, கெட்ட கொலஸ்ட்ரால் லேசா எறங்குச்சு அவ்ளோதான். அதே வருஷம் ஹார்வர்ட்காரங்க லட்சம் பேருக்கு மேல முப்பது வருஷ கணக்க எடுத்துப் பாத்ததுல, வாரம் ரெண்டு தடவ சாப்புட்டவங்களுக்கு இதய நோய் கம்மியா இருந்துச்சு, அதுலயும் வெண்ணெய், சீஸுக்குப் பதிலா இதச் சாப்புட்டா லாபம்னு தெரிஞ்சுது. சீஸும் வேணும் இதுவும் வேணும்னா கலோரிதான் ஏறும். பால், சக்கர, ஐஸ்கிரீம் போட்டு அடிக்கிற ஜூஸ் இந்தக் கணக்குலயே வராது. அம்மாவுக்கு கிட்னி இருக்கற நெலமைக்கு டாக்டர் பொட்டாசியத்த கொறைக்கச் சொல்லிட்டாரு, அவள சாப்டு சாப்டுன்னு போன்ல நச்சாத.

நர்சரில ஹாஸ் ஒட்டுக் கன்னு கேளு, எடம் இருந்தா ஃபுவர்ட்டேயும் ஒண்ணு சேத்து வாங்கு, ரெண்டும் பூ விரியற நேரம் மாறி மாறி வர்றதால காய் நல்லா புடிக்கும். தண்ணி தேங்குற எடம்னா வைக்கவே வேணாம், மேடு கட்டி வைங்க, இதுக்கு எமனே வேரழுகல்தான். ஒட்டு கட்டுன எடம் மண்ணுக்கு மேல நிக்கணும்னு மாப்ளகிட்ட மறக்காம சொல்லு.

அப்பா