பண்ருட்டி முந்திரியும் எங்கள் விரல்களும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பண்ருட்டி முந்திரி பற்றிய கட்டுரையில், ‘பெண்களின் பூப்போன்ற விரல்கள் பருப்பை நோகாமல் எடுக்கின்றன’ என்று ஒரு வரி. அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. பதினொரு வருடம் கொட்டை உடைத்தவள் நான். யாருடைய விரலைப் பார்த்து அதை எழுதினார்கள்?

முந்திரி ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. பட்ட இடம் புண்ணாகும் சேங்கொட்டைக்கும் மாங்காய்க்கும் சொந்தம்தானே முந்திரி. மாங்காய்க் காம்புப் பால் பட்டாலே உதடு வெந்துபோகும். நாங்கள் பகல் முழுக்க ஓட்டு எண்ணெயில் கை வைத்திருக்கிறோம். முன்பு கொட்டையை வறுப்பார்கள். எண்ணெய் பெரும்பாலும் எரிந்துவிடும், புகைதான் ஆளைக் கொல்லும். இப்போது ஆவியில் அவிப்பதால் எண்ணெய் ஓட்டிலேயே தங்கி, கொட்டை உடைக்கும் கட்டரை மிதித்ததும் விரலில் வழிகிறது. தோல் கறுத்து, வெடித்து, உரியும். ரசம் சோறு பிசைந்தால் உயிர் போய் உயிர் வரும். தலை பின்னிவிட்டால் என் மகள், ‘கை முடியைப் பிடிச்சு இழுக்குதும்மா’ என்பாள்.

கையுறை போடலாமே என்பீர்கள். கூலி கிலோ கணக்கு. தடித்த ரப்பர் உறையோடு ஊசியால் பருப்பை நெம்பினால் கிலோ குறையும். துணி உறை எண்ணெயைக் குடித்துத் தோலிலேயே ஒட்டி வைக்கும். அதனால் விளக்கெண்ணெயும் அடுப்புச் சாம்பலும்தான், அதுவும் எங்கள் காசில். உடைத்த ஓட்டைப் பிழிந்து எடுக்கும் எண்ணெயோ பெயின்டுக்கும் பிரேக் லைனிங்குக்கும் விலை போகிறது.

ரேஷன் கடையில் என் ரேகை விழவில்லை. நாலு முறை துடைத்து வைத்தும் மெஷின் எடுக்கவில்லை. ‘நல்ல கையா இருக்கிற ஆளை அனுப்பும்மா’ என்றார் கடைக்காரர். வரிசையே திரும்பிப் பார்த்தது. போன வருடம் இதைப் பற்றி உங்களுக்கு எழுதினேன். அது பிரசுரமாகவில்லை. பலாப்பழத்துக்கு மட்டும் முழுப் பக்கம் வந்தது.

சரி, கட்டுரையின் இரண்டாம் பகுதி அடுத்த ஞாயிறு வரும் என்று போட்டிருக்கிறீர்கள். உடைப்பதற்காக வீட்டுக்குக் கொட்டை மூட்டை இறக்குகிறவர்கள் கூடவே விளக்கெண்ணெயும், விரலோடு ஒட்டும் மெல்லிய ரப்பர் உறையும் தர வேண்டும் என்று அதில் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். முதலாளிகளும் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காடாம்புலியூர், பண்ருட்டி வட்டம்.