வென்றவரையும் விசாரிக்க வேண்டும்

ஆசிரியருக்கு,

போர்க்குற்ற விசாரணைகள் பற்றிய தங்கள் தலையங்கம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மானிய, ஜப்பானியத் தலைவர்களை விசாரித்த நூரம்பர்க், டோக்கியோ மன்றங்களை முன்மாதிரி என்கிறது. பாதிதான் சரி. அங்கே தண்டிக்கப்பட்ட கொடுமைகள் உண்மை. ஆனால் வென்றவர்கள் செய்ததைத் தொடவே அந்த மன்றங்களுக்கு அதிகாரம் தரப்படவில்லை. நூரம்பர்க் மன்றத்தை அமைத்த சாசனம் லண்டனில் கையெழுத்தானது 1945 ஆகஸ்ட் 8 அன்று. ஹிரோஷிமா எரிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, மறுநாள் நாகசாகி. டோக்கியோ மன்றத்தின் 11 நீதிபதிகளில் ஒருவரான பிலிப்பைன்ஸின் ஹரனில்யா, போர்க்கைதிகளை ஜப்பானியர் நெடுந்தூரம் நடக்கவைத்துப் பலரைச் சாகடித்த ‘பட்டான் மரண அணிவகுப்பில்’ கைதியாக நடந்தவர். அவர் பட்ட பாட்டுக்குத் தலைவணங்குகிறேன். அதனாலேயே அவர் அந்த இருக்கையில் அமர்ந்திருக்கக் கூடாது. அதே மன்றத்தில் எல்லோரையும் விடுவிக்கச் சொன்ன நம் நாட்டு நீதிபதி ராதாபினோத் பாலின் முடிவு எனக்கு உடன்பாடல்ல. ஆனால் வென்றவர் அமைத்த மன்றம் என்று அவர் எழுப்பிய ஆட்சேபம் அப்படியே நிற்கிறது.

ஜப்பானியருக்குப் பரிந்து இதை எழுதவில்லை. மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போன என் பாட்டியின் அண்ணனை, சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு அவர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்புறம் தகவலே இல்லை. இறந்த நாள் தெரியாததால், ஆடி அமாவாசையன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில்தான் அவருக்குத் தர்ப்பணம் கொடுக்கிறோம். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு யாரும் குறைசொல்ல முடியாத தீர்ப்புதான் தேவை. இனி அமையும் தீர்ப்பாயங்களில் போரில் ஈடுபடாத நாடுகளின் நீதிபதிகளே பெரும்பான்மையாக இருக்கவும், இரு தரப்பையும் விசாரிக்கும் அதிகாரம் சாசனத்திலேயே இடம்பெறவும் இந்தியா ஐ.நா.வில் வலியுறுத்த வேண்டும்.

ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.